ஜார்ஜ்டவுன் கடைவீடு எப்படி வேலை செய்யுது? முகப்புக்குப் பின்னால இருக்குற விஷயங்க

மலேசியாவுல பினாங்குத் தீவு ஜார்ஜ்டவுன்ல கீழ கடை, மேல குடும்பம்னு இருக்குற பழைய கடைவீடுங்களப் பத்தி யாரு பேச ஆரம்பிச்சாலும் பேச்சு முகப்போடயே நின்னுடுது. பச்சை ஜன்னல் அழகு, தூணுல பூ வேலை அழகு, சுவத்து ஓவியத்துக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ, அவ்ளோதான். அதுல தப்பு இல்ல, அழகு தானே. ஆனா இந்தப் பார்வையாலயே சில தப்பான நம்பிக்கையும் கூட வந்துடுது. முகப்ப மட்டும் வச்சுக்கிட்டு பின்னாடி எல்லாத்தையும் இடிச்சுக் கட்டினா ஹெரிட்டேஜ் காப்பாத்தின மாதிரி தான்னு ஒருத்தர் சொல்வார், நடு வீட்டுல வானத்தப் பாத்து சும்மா திறந்து கிடக்குற ஏர்வெல்ல மூடிட்டா ஒரு ரூம் கிடைக்குமேன்னு இன்னொருத்தர், சுண்ணாம்பு உதிர்ந்துக்கிட்டே இருக்கு, சிமெண்டு பூசினா கெட்டியா நிக்கும்னு மூணாவது ஆளு. எல்லாரும் நல்ல மனசோட தான் சொல்றாங்க, ஆனா மூணுமே அந்த வீட்டக் கெடுக்குற வேலை.

ஏன் கெடுக்கும்னு புரியணும்னா வீடு உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். கட்டடக்கலை படிச்சிருக்கணும்னு அவசியமில்ல. காத்து, தண்ணி, பாரம் இந்த மூணும் வீட்டுக்குள்ள எந்த வழியா போகுதுன்னு பாத்தா போதும், மத்ததெல்லாம் தானா விளங்கிடும்.

மொதல்ல ஊரு வந்த கதை

1786ல பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுல இறங்கி ஆங்கிலேயக் கம்பெனிக்காக எடுத்துக்கிட்டார். மூணாம் ஜார்ஜ் ராஜா பேர ஊருக்கு வச்சாங்க. மொதல்ல போட்ட ஊரு ரொம்பச் சின்னது, லைட் ஸ்ட்ரீட், பீச் ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட், பிட் ஸ்ட்ரீட் இந்த நாலு ரோடும் எல்லையா நிக்க உள்ள கட்டம் கட்டமா தெரு. அந்தப் பிட் ஸ்ட்ரீட் தான் இன்னைக்கு மஸ்ஜிட் கப்பித்தான் கெளிங் ரோடு. இப்ப நாம லிட்டில் இந்தியான்னு சொல்ற மார்க்கெட் ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட், கிங் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட் பக்கமெல்லாம் இந்தப் பழைய கட்டத்துக்குள்ளயோ அத ஒட்டியோ தான் வரும்.

நம்மாளுங்க இங்க பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டவங்க இல்ல. சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க, அவங்களத் தான் சூலியான்னு சொன்னாங்க, ஊரு ஆரம்பிச்ச காலத்துலயே இங்க இருந்தாங்க. கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் 1801லயே வந்துடுச்சு, குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் 1833. சூலியா ஸ்ட்ரீட்ல நாகூர் தர்கா 1800களோட தொடக்கத்துலேர்ந்து இருக்கு. பினாங்கு ஸ்ட்ரீட்ல நாட்டுக்கோட்டைச் செட்டியாருங்க கடை போட்டு வட்டித் தொழில் பண்ணாங்க. தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் புறப்படுதே, அந்தக் கோயில் வீடு நிக்கிறதும் அந்தத் தெருவுல தான், அந்த ரதமே 1894லேர்ந்து ஓடுது. ரதம் பாக்கப் போன யாரும் அந்தக் கடைவீட்டு வரிசைய கவனிக்காம இருந்திருக்க முடியாது. அடுத்த வாட்டி போனா இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.

ஆரம்பத்துல இருந்த வீடுங்க பெரும்பாலும் மரமும் அத்தாப்புங்கற ஓலையும் தான். நெருக்கமான ஊருல அத்தாப்புக் கூரைன்னா என்ன ஆகும்? தீ. 1800களோட தொடக்கத்துல ஒன்னு மாத்தி ஒன்னு பெரிய தீ விபத்து வந்து தெருத் தெருவா எரிஞ்சுது, அப்புறம் தான் செங்கல் சுவரு, ஓட்டுக் கூரைன்னு கட்டாயமா மாற ஆரம்பிச்சாங்க. இந்தியாவுலேர்ந்து நாடு கடத்தி இங்க கொண்டு வந்த கைதிங்கள வச்சு ரோடும் பொதுக் கட்டடமும் கட்டினாங்க, 1818ல முடிஞ்ச செயிண்ட் ஜார்ஜ் சர்ச் அவங்க உழைப்புல எழும்பினது தான். அவங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்ல. அந்தத் தெருப் பக்கம் போகும்போது எனக்கு அது ஞாபகம் வராம இருக்காது.

சுருக்கமா: கடைவீட்டு வரிசைங்கறது ஒரே நாள்ல ஒரே ஆளு வரைஞ்ச பிளான் கிடையாது. தீக்கு பயந்தும் வெயிலுக்கு மழைக்கு பதில் சொல்லியும் சீன, தமிழ், மலாய், ஐரோப்பியக் கைங்க நூறு வருஷத்துக்கும் மேல சேர்ந்து செஞ்சு செஞ்சு திருத்தின ஒரு வடிவம் அது.

ஏன் இவ்ளோ ஒல்லி, ஏன் இவ்ளோ நீளம்

கடைவீடுன்னா கீழ கடை, மேல குடும்பம், ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டோட ஒட்டின சுவரு. முன்னாடி நின்னு பாத்தா சாதாரணமா 5, 6 மீட்டர் அகலம் தான் இருக்கும், உள்ள போனா 30 மீட்டருக்கு மேலயும் நீண்டுக்கிட்டே போகும். வரி முகப்பு அகலத்த வச்சுப் போட்டாங்க, அதனால தான் ஒல்லியா கட்டினாங்கன்னு டூரிஸ்ட் கைடுங்க எல்லா ஊருலயும் சொல்றது உண்டு. வரிக் கதைய விட்டுட்டாலும் இந்த அகலத்துக்கு வேற ஒரு காரணம் வீட்டுக்குள்ளயே கண்ணுக்கு முன்னாடி இருக்கு. தலைய தூக்கி மேல பாருங்க.

மேல இருக்குறது மரத்துல ஆன உத்தரம். உத்தரம்னா ஒரு சுவத்துலேர்ந்து எதிர் சுவத்துக்குப் போட்டு மாடித் தரைய தாங்குற கனமான மரம். செங்கால், பாலாவ் மாதிரி கெட்டியான காட்டு மரத்த அறுத்து இடது சுவத்துக்குள்ள ஒரு முனை, வலது சுவத்துக்குள்ள ஒரு முனை செருகி வச்சிருப்பாங்க, அதுக்கு மேல பலகை. நடுவுல தூண் இல்லாம ஒரு மரம் வளையாம தாங்குற நீளத்துக்கு ஒரு அளவு இருக்கு. வீட்டோட அகலம் அந்த அளவுக்குள்ள நிக்கும். வியாபாரத் தெருவுல முகப்பு வேணும்னு எல்லாரும் கேப்பாங்க, அதனால நிலத்தயும் ஒல்லி ஒல்லியா பிரிச்சாங்க. அகலத்துல கிடைக்காத இடத்த நீளத்துல எடுத்துக்கிட்டாங்க.

பொதுச் சுவரு: பக்கத்து வீட்டோட உங்க வீடு

ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நிக்கிற சுவரு ஒன்னே ஒன்னு தான். இத பொதுச் சுவருன்னு சொல்லலாம், ரெண்டு வீட்டுக்காரங்களோட உத்தரமும் இதுலயே உக்காந்திருக்கும். கூரைய தாண்டி கொஞ்சம் மேல எழும்பி நிக்கிற மாதிரி பல இடத்துல கட்டியிருப்பாங்க, ஒரு வீட்டுல தீ பிடிச்சா அடுத்த ஓட்டுக்குத் தாவாம இருக்க. நான் முன்னாடி சொன்ன தீ விபத்துங்களோட பாடம் செங்கல்லா நிக்குறது இங்க தான்.

இப்ப "முகப்ப மட்டும் வச்சுக்கலாம்"ங்கற யோசனைய இங்க வச்சுப் பாருங்க. நடு வீட்டுல உள்ள உத்தரம், தரை, கூரை எல்லாத்தையும் எடுத்துட்டா பொதுச் சுவத்துக்கு ஒரு பக்கத்துலேர்ந்து இருந்த பிடி போயிடுது, இன்னொரு பக்கத்துலேர்ந்து பாரம் மட்டும் வருது. பழைய அஸ்திவாரம் ஆழம் கம்மி, நிலமோ கடலுக்குப் பக்கத்து ஈர நிலம். புதுக் கட்டடத்துக்காக நிலத்துல தூண் இறக்கி பைலிங் அடிக்கிற அதிர்ச்சியும் சேர்ந்தா விரிசல் விழுறது இடிச்ச வீட்டுல இல்ல, அங்க தான் வீடே இல்லையே, பக்கத்துல சும்மா கடை நடத்திக்கிட்டு இருக்குற வீட்டுல. ரெண்டு வருஷம் கழிச்சு மாடில கதவு சரியா சாத்தலன்னு அவங்க கவலப்படுவாங்க, காரணம் எங்க இருக்குன்னு தெரியாது.

சுருக்கமா: வரிசைல உள்ள எந்த வீடும் தனி வீடு இல்ல. பாரம் பக்கவாட்டுல சுவத்துக்குப் போகுது, சுவரு ரெண்டு குடும்பத்துக்கும் சொந்தம்.

அஞ்சடி

வீட்டு முன்னாடி, மாடிக்குக் கீழ, தெரு ஓரமா வரிசையா போற மூடின நடைபாதை தான் அஞ்சடி, மலாய்ல காக்கி லீமா. சிங்கப்பூர நிறுவின ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் அந்த ஊருக்காக 1822ல போட்ட நகரத் திட்டத்துலயே வீட்டுக்கு முன்னாடி எல்லாரும் நடக்க தொடர்ச்சியா மூடின வழி விடணும்னு எழுதி வச்சாங்க. 1826ல பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணும் ஒரே ஆட்சிக்குக் கீழ வந்துச்சு, 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதில இங்கயும் இது முனிசிபல் சட்டமாவே ஆச்சு.

வெயில் மழைக்கு நடக்கத் தான்னு நெனைப்போம். அது பாதி தான். நேரா சுவத்துல வெயில் படாம கடையோட முன்பக்கத்த நிழல்ல வைக்கிறது அஞ்சடி தான், தெருவோட சூடு உள்ள வர்றதுக்கு முன்னாடியே இங்க கொஞ்சம் ஆறிடும். மழைச் சாரல் மரக்கதவுல படாது. நிலம் வீட்டுக்காரருடையது, நடக்குற உரிமை ஊருக்கு, இந்த ரெட்டைக் குணம் தான் அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் சண்டைக்கும் காரணம். அஞ்சடில கடைக்காரங்க சாமான் அடுக்கினத அரசாங்கம் காலி பண்ணச் சொன்னதால 1888ல சிங்கப்பூருல கலவரமே வந்துச்சு. மார்க்கெட் ஸ்ட்ரீட்ல பூமாலை கட்டுறவங்க, வடை போடுறவங்க, ஒரு ஓரமா தையல் மெஷின், எல்லாம் அஞ்சடில தான் பொழைக்கிறாங்க. வழிய முழுசா அடைக்காத வரைக்கும் அது அஞ்சடியோட இயல்பு தான்னு நான் நெனைக்கிறேன்.

ஏர்வெல்: வீட்டுக்கு மூக்கு எங்க இருக்கு

ரெண்டு பக்கமும் ஜன்னல் வைக்க முடியாது, அடுத்தவன் வீடு. முன்னாடி ஒரு திறப்பு, பின்னாடி ஒரு திறப்பு, நடுவுல 30 மீட்டர். அப்ப நடு வீட்டுக்கு வெளிச்சமும் காத்தும் எப்படி வரும்? மேலேர்ந்து தான் வரணும். அதுக்காக கூரைய நடுவுல வெட்டி வானத்தப் பாத்து திறந்து விட்ட இடம் தான் ஏர்வெல். காரைக்குடிப் பக்கம் முற்றம் பாத்தவங்களுக்கு இது புதுசா தெரியாது. நீளமான வீட்டுல ரெண்டு மூணு கூட இருக்கும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கலாம். சூடான காத்து லேசு, அதனால மேல எழும்பும். வீட்டுக்குள்ள மனுஷங்க, அடுப்பு, ஓடு எல்லாத்தாலயும் சூடாகுற காத்து ஏர்வெல் வழியா மேல போயிடும். போன இடம் காலியா இருக்க முடியாது, அஞ்சடில நிழல்ல ஆறின காத்து முன் கதவு வழியா, ஜன்னல் பட்டை வழியா, ஜன்னலுக்கு மேல சின்னச் சின்னதா இருக்குற காத்து ஓட்டை வழியா உள்ள வரும். ஃபேன் இல்லாம கரண்டு இல்லாம பகல் முழுக்க இந்த இழுப்பு நடக்கும். பழைய வீட்டு முன் கதவுல அரைக்கதவு ஒன்னு தனியா இருக்கும் பாருங்க, பிந்து பாகார்னு சொல்வாங்க, பெரிய கதவத் திறந்து விட்டுட்டு அத மட்டும் சாத்தினா தெருவுல போறவங்க கண்ணுக்கு வீடு மறைஞ்சுடும், காத்து மேலயும் கீழயும் தாராளமா வரும். சில வீட்டு மாடித் தரைல, வாசலுக்கு நேர் மேல, பலகைல சின்னதா ஒரு மூடி இருக்கும். தூக்கிப் பாத்தா கதவத் தட்டுறது யாருன்னு தெரியும், இறங்கி வர வேண்டியதில்ல. மாடில குடும்பம் வாழ்ந்துச்சுங்கறதுக்கு அத விட நல்ல அடையாளம் எனக்குத் தெரியல.

செட்டியாருங்களோட கிட்டங்கியும் இதே வீட்டுக்குள்ள தான் நடந்துச்சு. கிட்டங்கின்னா பல வட்டிக் கடைங்க ஒரே கூடத்துல சேர்ந்து தொழில் பண்ற இடம். நீளமான கூடம், ரெண்டு பக்கச் சுவத்த ஒட்டி ஆளுக்கு ஒரு எடம், ஒரு பெட்டகம், ஒரு சின்ன சாய்வு மேசை, தரைல சம்மணம் போட்டு உக்காந்து கணக்கு. நடுவுல வழி. ஏர்வெல்லேர்ந்து இறங்குற வெளிச்சம் இல்லாம அந்த நீளக் கூடத்துல கணக்கு எழுதியிருக்க முடியாது. சீனக் குடும்பம் சாமி மாடம் வச்சு வாழ்ந்த அதே அமைப்புல தமிழ் வியாபாரி பத்து கம்பெனி நடத்தினான், வீடு ரெண்டு பேருக்கும் இடம் குடுத்துச்சு.

மழை? ஏர்வெல்ல மழை கொட்டத் தான் கொட்டும். அதுக்குக் கீழ தரைய கொஞ்சம் பள்ளமா கல்லு போட்டு வச்சிருப்பாங்க, தண்ணி அங்க விழுந்து தரைக்குக் கீழ போற கால்வாய் வழியா வெளிய போயிடும். விழுற தண்ணி கொஞ்சம் ஆவியாகும்போது அந்த இடத்த குளுமையாவும் ஆக்கும்.

இத மூடினா என்ன நடக்கும்னு இப்ப நீங்களே சொல்லிடலாம். சூடான காத்துக்கு வெளிய போக வழி இல்ல, அதனால புதுக் காத்தும் வராது. நடு வீடு இருட்டு, பகல்லயும் லைட்டு. ஈரம் உள்ளயே சுத்தும், துணி நாறும், சுவத்துல கறுப்பா பூஞ்சை. அடுத்தது ஏர்கான், அது இருக்கணும்னா எல்லாத்தயும் இன்னும் இறுக்கி அடைக்கணும். அடிக் கால்வாய யாரும் கவனிக்க மாட்டாங்க, அது மண்ணடைச்சு ஈரம் தரைக்குக் கீழயே தங்கும். அந்த ஈரம் எங்க போகும்ங்கறது தான் அடுத்த விஷயம்.

சுருக்கமா: முன்னாடி உள்ள வருது, நடுவுல மேல போகுது. ஏர்வெல் வேஸ்ட்டா கிடக்குற இடம் இல்ல, வீட்டுலயே ரொம்ப வேலை செய்யுற இடம் அது தான்.

சுண்ணாம்பு: மண்பானை மாதிரி ஒரு சுவரு

மண்பானைல தண்ணி ஏன் ஜில்லுனு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பானையோட உடம்புல கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு, தண்ணி அதுவழியா வெளிய கசிஞ்சு ஆவியாகும், ஆவியாகும்போது சூட்ட எடுத்துக்கிட்டுப் போகும். அந்தப் பானைக்கு வெளிய பெயிண்டு அடிச்சுப் பாருங்க, ஈரம் வெளிய வராது, தண்ணியும் குளுராது. பழைய கடைவீட்டுச் சுவரு அந்தப் பானை தான்.

ஏன்னா அந்தக் காலச் செங்கல் நல்லா தண்ணி குடிக்குற செங்கல், அடியில ஈரம் தடுக்குற தாள் எதுவும் கிடையாது. கடலோர ஊரு, கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. அதனால நிலத்து ஈரம் சுவத்துல மெதுவா ஏறிக்கிட்டே தான் இருக்கும், அத ஏறு ஈரம்னு வச்சுக்குவோம். பழைய கொத்தனாருங்க அத தடுக்கப் பாக்கல, ஏறுற ஈரம் சீக்கிரம் வெளிய போற மாதிரி கட்டினாங்க. செங்கல்லுக்கு நடுவுலயும் மேலயும் சுண்ணாம்புக் காரை, அதுக்கு மேல வெள்ளை. தரைக்கும் சுட்ட மண் ஓடு, அதுவும் ஈரத்த வெளிய விடும். சுண்ணாம்பு கிளிஞ்சல், பவளப்பாறை சுட்டு நீத்து எடுத்தது, நம்மாளுங்களுக்கு கை வந்த வேலை. சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் உள்சுவத்துக்கு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்கா மட்டை ஊறின தண்ணியெல்லாம் கலந்து மெட்ராஸ் சுண்ணாம்புக் காரை பூசினதா பதிவே இருக்கு, அந்தக் கைவேலையும் இந்தியக் கைதிங்களோடது தான்.

ஈரம் ஏறும்போது உப்பையும் தூக்கிக்கிட்டு வரும். தண்ணி ஆவியாகிடும், உப்பு காரைலயே தங்கிடும், தங்கின உப்பு படிகமாகி காரைய உள்ளேர்ந்து தள்ளும், அது தான் பொரிஞ்சு பொரிஞ்சு உதிருது. பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா இதுல ஒரு நியாயம் இருக்கு: உதிர்றது பூச்சு, செங்கல்லு பத்திரம். கொஞ்ச வருஷத்துக்கு ஒருக்கா உதிர்ந்த எடத்த சுரண்டிட்டு மறுபடியும் சுண்ணாம்பு பூசணும், வெள்ளை அடிக்கணும். முன்னெல்லாம் தீபாவளிக்கு, சீனப் பெருநாளுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிச்சாங்களே, அது அழகுக்கு மட்டும் இல்ல, சுவத்துக்கு மருந்தும் அது தான். கலரு வேணும்னா அதுலயே கலந்துக்கலாம், லீத் ஸ்ட்ரீட்ல இருக்குற சோங் ஃபாட் ட்ஸே மாளிகையோட நீலம் அவுரிச் சாயம் கலந்த சுண்ணாம்பு தான்.

இப்ப இதுக்கு மேல சிமெண்டு பூசினா? மொதல் வருஷம் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ள ஈரம் நிக்காம ஏறிக்கிட்டே இருக்கு, வெளிய வர வழி இல்ல, அதனால இன்னும் மேல ஏறும். இடுப்பளவுல நின்னுக்கிட்டு இருந்த ஈரக் கோடு தலைக்கு மேல போயிடும். லிட்டில் இந்தியால சில துணிக்கடைல சேலை அடுக்குக்குப் பின்னாடி சுவத்தப் பாருங்க: அடியில சிமெண்டு பூச்சு கெட்டியா நிக்கும், அது முடியுற எடத்துக்கு சரியா மேல, பழைய பூச்சு ஆரம்பிக்கிற எடத்துல, பெயிண்டு கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்கும். விரலால தொட்டா பொடியா கொட்டும். அதுல வெள்ளையா மின்னுறது உப்பு. கொப்புளம் வெடிச்ச ஓரத்துல பழைய நீலம், அதுக்கு அடியில மஞ்சள், அதுக்கும் அடியில வெள்ளைன்னு பல தலைமுறையோட சுண்ணாம்பு அடுக்கடுக்கா தெரியும்.

இன்னும் மேல ஏறினா அங்க என்ன இருக்கு? உத்தரத்தோட முனை. சுவத்துக்குள்ள செருகி வச்சோம்னு சொன்னேனே, அந்த மர முனை ஈரத்துலயே கிடந்து உளுத்துப் போகும், கறையான் வரும், வெளிய பாத்தா எதுவும் தெரியாது. அதே பொதுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு உத்தரமும் இருக்கு. கீழ் மாடில ஒருத்தர் நல்லதுக்குப் பூசின சிமெண்டு, மேல் மாடில பக்கத்து வீட்டுக்காரர் தரைய ஆட்டம் காண வைக்கிறது இப்படித் தான்.

சுருக்கமா: ஈரத்த அடைச்சு வைக்கக் கூடாது, வெளிய விடணும். சுண்ணாம்பு உதிர்றது அது தன் வேலைய செய்யுறதோட அடையாளம்.

ஸ்டைல் பத்தி கொஞ்சம்

இது தான் எல்லாரும் பேசுற பகுதி, அதனால சீக்கிரம் முடிச்சுடுறேன். ஆரம்ப கால வீடு குட்டையா, அலங்காரம் இல்லாம, மாடி முகப்புல மரப்பலகையும் ஜன்னலுமா இருக்கும். 19ஆம் நூற்றாண்டு நடுவுலேர்ந்து தென் சீன வேலைப்பாடு சேர்ந்துச்சு. 1890களுக்கு அப்புறம் ஐரோப்பியத் தூணு, வளைவு, பூ வேலை, ஒட்டு டைல்ஸ் எல்லாம் கலந்து வந்தது தான் போட்டோல அதிகமா வர்ற ரகம். 1930கள்லேர்ந்து ஆர்ட் டெக்கோ, கோடு கோடா, சுத்தமா, மேல வருஷத்த எழுதி வச்சு. கவனிக்க வேண்டியது என்னன்னா முகப்பு நாலஞ்சு தடவ மாறியும் உள்ள அந்த உத்தரம், பொதுச் சுவரு, ஏர்வெல் பெரும்பாலும் மாறவே இல்ல. மாறுற துணி முகப்பு, மாறாத உடம்பு உள்ள இருக்குறது.

இவ்ளோ வீடு எப்படித் தப்பிச்சுது, குடும்பங்க ஏன் போனாங்க

கோலாலம்பூருல பல பழைய வரிசைங்க போயிடுச்சு, ஜார்ஜ்டவுன்ல ஏன் நிக்குது? பெரிய காரணம் வாடகைச் சட்டம். 1948க்கு முன்னாடி கட்டின கட்டடங்களுக்கு வாடகை ஏத்த முடியாதபடி கட்டுப்பாடு இருந்துச்சு, 1966 சட்டம் அத தொடர்ந்துச்சு. வாடகை ரொம்பக் கம்மி, வாடகைக்காரங்கள வெளியேத்தவும் முடியாது. அதனால வீட்டுச் சொந்தக்காரங்க இடிச்சுக் கட்டவும் இல்ல, ரிப்பேர் பண்ணவும் இல்ல. வீடு பழசாகி நின்னுச்சு, ஆனா நின்னுச்சு. தலைமுறை தலைமுறையா ஒரே வீட்டு மாடில தமிழ்க் குடும்பங்க வாழ்ந்தது அந்த வாடகைல தான்.

1997ல அந்தச் சட்டத்த எடுக்க முடிவு பண்ணாங்க, 2000 பொறந்தப்ப முழுசா முடிஞ்சுது. வாடகை ஒரேயடியா ஏறுச்சு, நிறைய குடும்பங்க ஃபிளாட்டுக்கும் பெருநிலத்துக்கும் போயிட்டாங்க. காலியான வீடுங்கள்ல பல இடத்துல ஜன்னல செங்கல் வச்சு அடைச்சு பறவைக்கூடு தொழில், அதாவது சாப்பிடுறதுக்காக குருவிக் கூடு எடுக்குற தொழில், நடந்துச்சு, ஈரமா இருட்டா வச்சா தான் அந்தக் குருவி கூடு கட்டும். நான் மேல சொன்ன காத்து ஈரக் கணக்குக்கு நேர் எதிரான வேலை, சுவருங்க நாசமாச்சு. 2013 கடைசிக்குள்ள அத பாரம்பரியப் பகுதிலேர்ந்து வெளியேத்தச் சொன்னாங்க.

நடுவுல 2008 ஜூலைல ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்துச்சு. ஜார்ஜ்டவுனோட மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதுல 1700க்கும் மேல பழைய கட்டடம். 2012ல சுவர் ஓவியங்க வந்ததும் கூட்டம் வந்துச்சு, ஹோட்டல், கஃபே வந்துச்சு. கட்டடம் காப்பாத்தப்பட்டது நல்லது. மாடில ஆளு வாழாத தெரு எத்தனை அழகா இருந்தாலும் அது குடியிருப்பு இல்லங்கறதயும் சொல்லாம விட எனக்கு மனசு வரல. யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்ததே வெறும் கட்டடத்துக்காக இல்ல, பல இன மக்கள் சேர்ந்து வாழுற வாழ்க்கைக்காகவும் தான்.

வீடு கைல இருந்தா

சொந்தமா ஒரு கடைவீடு இருக்கு, இல்ல வாடகைக்கு எடுக்கப் போறீங்கன்னா சில விஷயம் மட்டும் சொல்றேன். உள்ள நுழைஞ்சதும் நடு வீட்டுல நின்னு மேல பாருங்க, வானம் தெரியலன்னா ஏர்வெல்ல எப்ப எதால மூடினாங்கன்னு கேளுங்க. சாரல் தாங்கலன்னா கண்ணாடிக் கூரை போடலாம், ஆனா கூரை ஓட்ட விட்டு உயரமா தூக்கி, நாலு பக்கமும் காத்து போற மாதிரி. அடைச்சுப் போட்டா மூடினதும் அதுவும் ஒன்னு தான். அடிக் கால்வாய் ஓடுதான்னு ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாருங்க. சுவத்த விரல் முட்டியால தட்டினா சிமெண்டு பூச்சு ஒரு மாதிரி கணீர்னு கேக்கும், சுண்ணாம்பு மந்தமா கேக்கும். சிமெண்டா இருந்தா மாடில அதுக்கு நேர் மேல உத்தர முனைய ஒரு ஆணியால குத்திப் பாக்கச் சொல்லுங்க, மெத்துன்னு உள்ள போனா ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அத யாரு சரி பண்றதுன்னு பேசி முடிச்சுடுங்க.

பெயிண்டு அடிக்கணும்னா சுண்ணாம்புக்கு மேல பிளாஸ்டிக் மாதிரி மூடுற எமல்ஷன் வேணாம். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கிறது கஷ்டம் தான், கூலியும் கூட. பாரம்பரியப் பகுதிக்குள்ள எந்த மாத்தமா இருந்தாலும் மாநகராட்சி அனுமதி வாங்கணும், கட்டடம் எந்த வகைல பதிவாகியிருக்குன்னு அங்கயே கேட்டா சொல்வாங்க. காண்ட்ராக்டர் வந்ததும் மொத வார்த்தையா "எல்லாத்தயும் உடைச்சு புதுசா பூசிடலாம்"னு சொன்னார்னா இன்னொருத்தர்கிட்டயும் விலை கேளுங்க.

பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வேலைய ஆரம்பிங்க, சுவரு அவங்களுடையதும் தான்.